சாமந்தியின் சொந்தக்காரர்கள்

எங்கள் வீட்டுப் பின்னறைக்கு ஒரே ஜன்னல். அதன் நாலு ஓரத்தையும் பிரவுன் டேப் ஒட்டி மூடியவர் என் வீட்டுக்காரர். ஒரு மடிப்புகூட விழாமல் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினார். வேப்பூர் கூட்ரோட்டில் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிற மனுஷர். எதைச் செய்தாலும் ஒழுகக் கூடாது என்றுதான் செய்வார். அந்த அறையில் ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் இருந்தேன். என்னை யாரும் அடைத்துவைக்கவில்லை. அதுதான் கூடுதல் எரிச்சல். அடைத்துவைத்தவர் என்று ஒருவர் இருந்தால் அவரைத் திட்டியாவது பொழுதைப் போக்கியிருப்பேன்.

அடைத்துவைத்தது ஒரு செடி. செடியை எப்படித் திட்டுவது? திட்டியும் பார்த்தேன். அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

நான் இங்கே செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மை யூனிட்டில் பினிஷிங் வேலை செய்கிறவள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில், அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, மூக்கு முழியைத் திருத்திப் பலகையில் காய வைக்க வேண்டும். அதோடு பூ ஒட்டுகிற வேலையும் உண்டு. அம்மன் கொண்டைக்கும் மாலைக்கும் மண்ணிலேயே பூச்செய்து, கொழகொழவென்று கரைத்த மண்ணைத் தொட்டு ஒட்டுவோம். நடுவில் ஒரு பொட்டு, சுற்றி எட்டு இதழ். பதினாலு வருஷமாக எனக்குத் தெரிந்த பூ அதுதான்.

போன வருஷம் மழை பிடித்ததும் கண் இமையில் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், முழங்கையின் உள்பக்கத்தில். சொறியச் சொறியத் தோல் தடித்துக் கறுத்து, வெடித்து நீர் வடிந்தது. ஆளாளுக்கு ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். மண்ணுத் தூசி. சூளைப் புகை. பளபளப்புக்கு முக்குகிற கரைசல். நானும் நம்பினேன். பதினாலு வருஷம் ஒன்றும் செய்யாத மண் இப்போது ஏன் செய்கிறது என்று யோசிக்கவில்லை. ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன்.

வீட்டில் இருக்க இருக்க அதிகமானது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். மனை முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் அரிசிக் குருணையைத் தெளித்த மாதிரி இருக்கும். நான் அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று வேறு நினைத்தேன். அறிவாளி.

என் மாமியார் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வாய்க்கால் கரையில் கரிசலாங்கண்ணி பறித்துவந்து அரைத்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, அந்தக் கரும்பச்சை எண்ணெயை என் இமையிலும் கழுத்திலும் தினமும் தடவினார். வெடித்த இடத்தில் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் அதைத்தான் பிழிவோம். எரிந்தது. "எரிஞ்சாதாம்மா கேக்கும்" என்றார். நாலாம் நாள் காலையில் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. ஊதிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, கடலூர் வழியாகப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து ஒன்றையும் பார்க்காமல் போன பயணம் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில், எது ஆகவில்லை என்று பார்க்க, ஆளுக்கொரு பொருள் தடவிய சின்னச் சின்னப் பட்டிகளை முதுகில் வரிசையாக ஒட்டினார்கள். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. வேர்க்காமல் இருக்க நான் என்ன பொம்மையா? மூன்றாம் நாள் டாக்டரம்மா பட்டிகளை உரித்துப் பார்த்தார். களிமண்ணுக்கு ஒன்றும் இல்லை. கரைசலுக்கு ஒன்றும் இல்லை. பார்த்தீனியம் ஒட்டிய இடம் மட்டும் கொப்புளித்திருந்தது.

"வீட்டுல என்ன வைத்தியம் பண்ணீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரே குடும்பம்மா. பார்த்தீனியம், கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயப் பூண்டு எல்லாமே. சாமந்தி, துலுக்கச் சாமந்தி, சூரியகாந்தியும் அதுல சேர்ந்ததுதான். உங்களுக்கு அதுல எது எது ஒத்துக்காதுன்னு என்னால தனித்தனியா சொல்ல முடியாது. மொத்தக் குடும்பத்தையும் ஒதுக்கிடுங்க."

"சாமந்தியுமா?" என்றேன். பார்த்தீனியம் எக்கேடும் கெடட்டும். சாமந்தி வெள்ளிக்கிழமை தவறாமல் நான் தலையில் வைத்த பூ. டாக்டரம்மா ஆமென்று தலையை ஆட்டினார். பூக்கிற காலம் முடிகிறவரை வெளியே போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள், அதன் பிறகு வேலை செய்கிற இடமும் சுத்தமாக இருந்தால் போகலாம் என்றார். களிம்பும் மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.

ஊருக்கு வந்து இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், மாமியாரிடம் கத்தியது. எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். "உங்க எண்ணெயுந்தான் என் கண்ணை மூடுச்சு. அதுவும் அதே குடும்பமாம்." அவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தார். "நான் வெஷத்தையா வெச்சேன்?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு சாப்பாட்டுத் தட்டை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார், உள்ளே வரமாட்டார். அந்த வீட்டில் என்னோடு பகலெல்லாம் இருந்த ஒரே ஆளையும் நானே விரட்டிவிட்டேன்.

ஜன்னலுக்கு டேப் ஒட்டியது அப்போதுதான்.

எங்கள் சூப்பர்வைசர் நல்ல மாதிரி. போன் செய்து, "மாசி வரைக்கும் உங்க மேஜையை யாருக்கும் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல மொதலாளியை என்னால சமாளிக்க முடியாதுங்க" என்றார். என் மேஜை வாசலிலிருந்து மூன்றாவது. தெற்கே ஒரு ஜன்னல், மேலே ஒரு ட்யூப் லைட், இடது பக்கம் ஸ்பாஞ்ச் கிண்ணம். அந்த மூன்றடி இடத்துக்கு நான் இவ்வளவு ஆசைப்படுவேன் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அறைக்குள் கிடந்தபோது வேறு எதையுமே நான் விரும்பவில்லை. புடவை வேண்டாம், கோயில் வேண்டாம். அந்த மேஜை போய்விட்டால் நான் இந்த அறைக்காரிதான் என்று பயமாக இருந்தது. யூனிட்டின் முற்றத்திலும் பார்த்தீனியம்தான் மண்டிக் கிடந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

பகல் நகரவே நகராது. ஜங்ஷனில் ரயில் அறிவிப்பு மட்டும் காதில் விழும். எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று மனப்பாடமானது. எந்த வண்டியிலும் நான் இல்லை.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு வீட்டுக்காரரிடம், "ஏங்க, அந்தக் குடும்பத்துல யார் யார் இருக்காங்கன்னு எனக்குப் பாக்கணும்" என்றேன். எதிரி யார் என்று தெரியாமல் படுத்துக் கிடக்க என்னால் முடியாது. அவர் மறுகேள்வி கேட்கவில்லை. வேப்பூரிலிருந்து வரும் வழியில் ரோட்டோரம் கண்டதையெல்லாம் கிள்ளி, பாலித்தீன் கவரில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிக் கொண்டுவந்தார். நான் கவரை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். தொட மாட்டேன்.

முதலில் வந்தது வெட்டுக்காயப் பூண்டுதான். மூக்குத்திப்பூ என்றும் சொல்வோம். நீளமான காம்பின் நுனியில் தனியாக நிற்கும். நடுவில் மஞ்சள், ஓரத்தில் வெளிர்நிறத்தில் அஞ்சு இதழ். ஒவ்வொரு இதழின் நுனியிலும் மூன்று பல். பதினாலு வருஷம் பூ ஒட்டினவளுக்கு இது என்ன பெரிய சங்கதி என்று நினைத்தேன். என் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு; வீட்டுக்காரரை அதற்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, பிளேடால் அந்த மஞ்சள் பொட்டை நடுவில் பிளக்கச் சொன்னேன். பிளந்தார். அது பொட்டே இல்லை. உள்ளே குழல் குழலாக நாற்பது ஐம்பது நின்றது. ஒவ்வொன்றும் முழுப் பூ. ஒவ்வொன்றுக்கும் அடியில் அதனதன் விதை. ஓரத்தில் இதழ் என்று நினைத்தேனே, அதை இழுத்தார். அதுவும் தனிப் பூவாக, தன் விதையோடு வந்தது. எல்லாவற்றையும் அடியில் ஒரு பச்சைக் கிண்ணம் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் அவரை இன்னொரு தடவை பிளக்கச் சொன்னேன். மூன்றாவது தடவையும். டவுன் பஸ் ஒன்றுக்குள் இத்தனை பேரா என்கிற மாதிரி இருந்தது. நான் பொம்மை பொம்மையாக ஒட்டியதெல்லாம் பொய்ப் பூ என்று தோன்றியது. கொஞ்சம் வெட்கமாகவும், ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. அத்தனை நாளில் முதல் சந்தோஷம் என்னை அடைத்துவைத்த குடும்பத்திடமிருந்து வந்ததை என்னவென்று சொல்ல?

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு கிடைத்தது. பச்சைக் கிண்ணம் இருக்கிறதா, கிண்ணத்துக்குள் கூட்டம் இருக்கிறதா, இதழை இழுத்தால் அது தனிப் பூவா என்று பார்க்க வேண்டும். சில செடியில் ஓரத்து இதழே இருக்காது. நெய்ச்சட்டிப் பூண்டு அப்படித்தான், ஊதா நிறத்தில் வெறும் குழல்கள். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு லாரியை இழுக்கப் போனபோது, அறுப்பு முடிந்த வயலில் கிடந்தது என்று ஊதா உருண்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கொட்டைக்கரந்தை. அந்த உருண்டைக்குள் கூட்டத்துக்குள் கூட்டம். கரிசலாங்கண்ணியைக் கவருக்குள் பார்த்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. சட்டைப் பித்தான் அளவு வெள்ளைப் பூ. பாவம், அதற்கு என்ன தெரியும்.

பார்த்தீனியம் ஐந்து மூலை வைத்த வெள்ளைக் குருணை. ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன இதழ், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். அதுவும் ஒரு கூட்டம்தான்.

கொஞ்சம் தெரிந்ததும் எனக்குத் திமிர் வந்துவிட்டது. ஒருநாள் வராந்தாக் கண்ணாடி வழியே பார்த்தால், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் போகிற ஈரத்தில், வெள்ளை வெள்ளையாக உருண்டைப் பூ.  வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று கத்தி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வேரோடு பிடுங்கிப் போடச் சொன்னேன். அவரும் கையில் கவரை மாட்டிக்கொண்டு பிடுங்கி முடித்தார்.

மாமியார் ரேஷன் கடையிலிருந்து வந்தார். குவியலைப் பார்த்தார். ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, அத்தனை நாள் கழித்து என் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"இது இன்னான்னு தெரியுதா?"

"அந்தக் குடும்பந்தான் அத்தே. பூவைப் பாருங்க."

"பொன்னாங்கண்ணி. கண்ணுக்கு நல்லதுன்னு உனக்காகத்தான் வெச்சேன். வாரம் ரெண்டு நாளு உன் தட்டுல இதைத்தான் கடைஞ்சு போடறேன். தின்னுட்டு நல்லாத்தான இருக்குற?"

நான் அந்தக் கொத்தைப் பார்த்தேன். பூ கணுவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது, காம்பில்லை. அடியில் கிண்ணமில்லை. காகிதம் மாதிரிச் சருகுப் பூ. வேறு குடும்பம். வெள்ளையாக உருண்டையாக இருந்ததைத் தவிர அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் கண் மூடியதற்கு இவர் காரணம் என்று கத்தினேன், இவர் என் கண்ணுக்காகக் கீரை வைத்திருக்கிறார். "தப்புதான் அத்தே" என்றேன். அது வாயிலிருந்து வர எனக்குச் சிரமமாகத்தான் இருந்தது. அவர் கொத்தைக் கொண்டுபோய்க் குவியலிலேயே போட்டார். சாயங்காலம் தண்டுகளை உடைத்து அதே ஈரத்தில் மறுபடி ஊன்றினார். அடுத்த நாள் தட்டை உள்ளே வந்து கொடுத்தார்.

இத்தனைக்கும் நடுவில் என் தோல் ஆறவில்லை. ஜன்னலுக்கு டேப், கதவுக்கு அடியில் ஈரத்துணி, வேளைக்கு மாத்திரை. ஆனாலும் இரண்டு நாள் ஆறும், மூன்றாம் நாள் கிளம்பும். திங்கட்கிழமை ரொம்ப மோசமாக இருக்கும். அது ஏன் திங்கட்கிழமை என்று எனக்குப் புரியவில்லை.

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி அதில்தான் மாட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஒரு மத்தியானம் படுத்தபடியே அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கெட்டின் தையலில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. எழுந்து போய், தொடாமல், போனில் எடுத்துப் பெரிதாக்கினேன். ஐந்து மூலை.

ரோட்டோரச் செடிகளுக்கு நடுவே லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறவர். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் காலி மனையை ஒற்றை ஆளாக வெட்டினார். எனக்காகத்தான் வெட்டினார். கை காய்த்துப்போய், முதுகு பிடித்துக்கொண்டு, வேர்வையோடு உள்ளே வந்து, சட்டையை அதே ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னும் ரெண்டு வாரத்துல சுத்தமாயிடும்" என்பார்.

இதை எப்படிச் சொல்வது? மாமியாரிடம் கத்திய கத்தல் இன்னும் என் காதிலேயே இருந்தது. இவரிடமும் நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள் என்று சொன்னால் இந்த மனுஷர் எங்கே போய் உட்காருவார்? சொல்லவில்லை. அவர் வந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தேன். கோபம் என்று நினைத்துக்கொண்டார். மூன்று வாரம். மூன்றாவது திங்கட்கிழமை இடது கண் மறுபடி ஒட்டிக்கொண்டது. அவர் களிம்பை எடுக்கக் கிட்டே வந்தபோது என்னையறியாமல் கையால் தடுத்துவிட்டேன். "சட்டை" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சட்டையை ஆணியிலிருந்து எடுத்தார். ஆணியையும் பிடுங்கினார். வெளியே போய்ப் பம்புக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார். குளித்து வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று கேட்டார்.

"மூணு வாரமா ஏன் சொல்லல?"

 அவர் மனசு நோகக் கூடாது என்று நான் சொல்லாமல் இருந்தேன். அதனால் இப்போது அவர் மனசு அதிகமாக நொந்தது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்குப் பிறகு தினமும் வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். தோல் உதிர்ந்து, அடியில் புதுத் தோல் தெரிய ஆரம்பித்தது.

மாசிக் கடைசியில் என் பக்கத்து மேஜைக்காரியிடமிருந்து போன் வந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் என்னைவிடப் பெரியது. "அக்கா, கெளம்பி வாங்க. முத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டோம். ஒரு பார்த்தீனியம் இல்ல. வந்து பாத்தா அசந்துடுவீங்க." யூனிட்டில் என்னோடு வேலை செய்கிற ஒன்பது பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிடுங்கியிருக்கிறார்கள். அவள் மட்டும் காலையில் சர்ச்சில் பூசை முடித்துவிட்டு வந்தாளாம். எனக்கு அழுகை வந்தது. நான் யாருக்கும் அவ்வளவு நல்லவளாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முழுக்கைச் சட்டை, தலையில் துணி, ஆட்டோவில் போய் இறங்கினேன். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

முற்றம் முழுக்க மஞ்சள். சூளைக் கொட்டகை வரைக்கும், நடைபாதையின் இரண்டு பக்கமும், பச்சைக் கம்பளம் விரித்து மேலே மஞ்சள் பூ வாரி இறைத்த மாதிரி. ஒன்பது பேரும் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். மேஜைக்காரி சிரித்தபடி ஓடிவந்தாள்.

"சும்மா வுட்டா மறுபடி பார்த்தீனியம் மொளைக்குமாம். தரையை மூடிக்கிற கொடி வெக்கணும்னு நர்சரியில சொன்னாங்க. நாங்கதான் வாங்கியாந்து வெச்சோம். ஆளுக்கொரு நாள் தண்ணி ஊத்துறோம். எப்பிடிக்கா இருக்குது?"

என் காலடியில், கேட்டின் கம்பி வழியே ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பளபளப்பான இலை, மூன்று பிரிவாக. நீளக் காம்பில் ஒற்றைப் பூ. ஓரத்து இதழ்களின் நுனியில் பல் பல்லாக வெட்டு. நடுவில் குழல் குழலாகக் கூட்டம். அடியில் பச்சைக் கிண்ணம்.

வீட்டுக்காரர் கொண்டுவந்த கவர் ஒன்றில் இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். தெரிந்தவரை ரோட்டில் பார்த்த மாதிரி சட்டென்று தெரிந்துபோனது. டாக்டரம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. எது ஒத்துக்காது என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஒருவேளை இது ஒன்றும் செய்யாமலிருக்கலாம். கதவு திறந்திருந்தது. அங்கிருந்தே என் மேஜை தெரிந்தது, ஸ்பாஞ்ச் கிண்ணத்தில் புதுத் தண்ணீர்கூட ஊற்றி வைத்திருந்தார்கள். இருபது அடி நடந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு நடந்துவிடு என்றது மனசு. இத்தனை பேர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தை நீ கெடுப்பாயா? சொன்னால் நீ எங்கே போவாய்? அந்த அறைக்குத்தானே?

மூன்று வாரமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரர் வாசலில் நின்ற நிலை கண்ணில் வந்தது.

"ரொம்ப நல்லாருக்குது" என்றேன். "ஆனா இதுவும் அந்தக் குடும்பந்தான்."

மேஜைக்காரியின் சிரிப்பு உடனே போகவில்லை. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாள். பிறகு குனிந்து பூவைப் பார்த்தாள். "வெள்ளைப் பூதானக்கா உங்களுக்கு ஆகாது? இது மஞ்சளா இருக்குதே."

கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஒரு பூவைப் பிளக்கச் சொன்னேன். பொம்மை சுரண்டுகிற கத்தியால் பிளந்தாள். இதழை இழுக்கச் சொன்னேன். எல்லாரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "அடியாத்தே, இத்தினி பூவா?" என்றாள்.  மேஜைக்காரி அந்தப் பூவை ஏப்ரன் பாக்கெட்டில் போட்டாள், பிறகு நான் பார்ப்பதைப் பார்த்து எடுத்துத் தூர எறிந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் கையெல்லாம் அந்தச் செடியின் சாறு. பின்னால் நின்றிருந்த சூப்பர்வைசர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "உங்க மேஜைக்குப் பங்குனி முடியறவரைக்கும் டைம் கேட்டு வாங்கியிருக்கேன்" என்றார்.

வந்த ஆட்டோவிலேயே திரும்பினேன். வழியெல்லாம் அழுதேன். ஆட்டோக்காரர் பழமலைநாதர் கோயில் வாசலில் நிறுத்தட்டுமா என்று கேட்டார். அங்கே கூடை கூடையாகச் சாமந்தி இருக்கும். வேண்டாம், வீட்டுக்கே போங்கள் என்றேன். மாமியார் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். நான் பின்னறைக்குப் போனேன். டேப் ஒட்டிய ஜன்னல் அப்படியே இருந்தது.

அந்தக் கொடி லேசில் போகிற சாதி இல்லை. ஒரு கணு மண்ணில் கிடந்தால் போதும், வேர்விட்டுவிடும். அவர்கள் பிடுங்கினார்கள், அது முளைத்தது, மறுபடி பிடுங்கினார்கள். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் மேஜைக்காரி முற்றத்தைப் படம் எடுத்து அனுப்புவாள். நான் விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு பச்சையாகப் பார்ப்பேன். "சுவரோரம் மூணு இலை. புடுங்கு." "குழாய்க்கு இந்தப் பக்கம் கேரட் இலை. பூக்கறதுக்குள்ள புடுங்கு." சில நாள் பத்துத் தடவை. அவள் ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. பங்குனி ஒவ்வொரு நாளாகக் கழிந்துகொண்டிருந்தது. இரண்டாம் வாரத்தில் படத்தில் பச்சை குறைந்தது. மூன்றாம் வாரம் வெறும் செம்மண். ஐப்பசி வந்தால் எல்லாம் திரும்ப வரும், நானும் இந்த அறைக்குத் திரும்ப வருவேன், அது எனக்குத் தெரியும். இப்போதைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஐப்பசி வரைக்கும்தான்.

பங்குனி முடிய நாலு நாள் இருந்தபோது ஒரு படம் வந்தது. குழாயடி ஈரத்தில் ஒரே ஒரு செடி. கூடவே அவள் குரல், பயந்துபோய். "அக்கா, எல்லாம் புடுங்குனோம், இது எப்பிடித் தப்புச்சின்னு தெரியலக்கா. வெள்ளைப் பூ. புடுங்கிடவா?"

வெள்ளை என்றதும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். ஒல்லி இலை. தண்டு நாலு பட்டை. கணுவைச் சுற்றிப் பச்சை முடிச்சு, அதிலிருந்து வெள்ளைப் பூ நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மூன்று, நாலு பூ, ஒவ்வொன்றும் தனித்தனியாக. கிண்ணமில்லை, கிண்ணத்துக்குள் கூட்டமில்லை. இருந்தாலும் பொன்னாங்கண்ணி நினைவு வந்து, போனை எடுத்துப்போய் மாமியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தும்பை" என்றார். "இதுகூடத் தெரியலையா உனக்கு?"

தெரிந்துதான் இருந்தது. மேஜைக்காரிக்குப் பதில் சொன்னேன்.

"அது தும்பை. வேற குடும்பம். புடுங்காத, இருக்கட்டும். நாளைக்கு வரேன்."